கொடிக்கயிறும் 400 கேவி லைனும்: ட்ரிபிள் ஈ மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் சார். நான் ட்ரிபிள் ஈ செகண்ட் இயர். ஃபர்ஸ்ட் இயர் பேப்பர் எல்லாம் க்ளியர், இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் மட்டும் அரியர். பிளஸ் டூல ஃபிசிக்ஸ்ல நல்ல மார்க் வாங்கினவ தான், ஆனா இதுல கணக்கைப் பாத்தாலே கை ஓட மாட்டேங்குது, எந்த ஃபோர்ஸை எந்தப் பக்கம் போடறதுன்னே தெரியல. சீனியர்ஸ் எல்லாம் இது சிவில், மெக் பசங்க பேப்பர், கேட் எக்ஸாம் எலக்ட்ரிக்கல் பேப்பர்ல கூட வராது, பாஸ் மார்க் எடுத்து தள்ளிவிட்டுருன்னு சொல்றாங்க. எங்களுக்கு நிஜமாவே இது எதுக்கு சார்? நவம்பர்ல எழுதணும், எப்படி படிக்கறது?

பதில்: வணக்கம்மா. எதுக்குன்னு ஒண்ணு, எப்படின்னு ஒண்ணு, ரெண்டு கேட்டிருக்க. எதுக்குங்கறது மனசுல உக்காந்துட்டா எப்படிங்கறதுல பாதி தானா வந்துரும், அதனால அதுலயே ஆரம்பிக்கறேன். நானும் ட்ரிபிள் ஈ தான் படிச்சேன், இருபத்திரெண்டு வருஷமா டிரான்ஸ்மிஷன் லைன் வேலையில இருக்கேன், இத்தனை வருஷத்துல நான் போட்ட கணக்கை எல்லாம் எடுத்து அடுக்கினா வோல்டேஜ் கரண்ட்டை விட இழுவையும் எடையும் மொமென்ட்டும் (ஒரு புள்ளியைச் சுத்தி ஃபோர்ஸ் திருப்பற அளவு, ஃபோர்ஸ் பெருக்கல் தூரம்) தான் அதிகமா இருக்கும். கேட் எலக்ட்ரிக்கல் சிலபஸ்ல இந்த பேப்பர் கிடையாது, உன் சீனியர்ஸ் சொன்னதுல அது சரி. ஆனா நாளைக்கு நீ நிக்கப்போற சைட்ல இது இருக்கு, அதுவும் தப்பு பண்ணா ஆள் மேல விழற மாதிரி இருக்கு.

உங்க வீட்டு மொட்டை மாடியில துணி காயப்போடற கொடி இருக்கும்ல, அதையே எடுத்துக்கோ. ரெண்டு முனைக்கும் நடுவுல 4 மீட்டர்னு வை, நனைஞ்ச போர்வை ஒண்ணு தண்ணியோட 5 கிலோ, அதை சரியா நடுவுல போடற. கயிறு 40 சென்டிமீட்டர் தொய்ஞ்சா கயித்துல இழுவை கிட்டத்தட்ட 13 கிலோ. தொங்குறது பாக்க நல்லா இல்லன்னு யாராவது இழுத்து முறுக்கிக் கட்டி தொய்வு வெறும் 10 சென்டிமீட்டர் ஆச்சுன்னா அதே போர்வைக்கு இழுவை 50 கிலோ. கயிறு படுக்கையா ஆக ஆக அதோட இழுவையில மேல தூக்கிப் பிடிக்கற பங்கு குறைஞ்சுக்கிட்டே வருது, போர்வை எடையோ அப்படியே இருக்கு, அதை சரிக்கட்ட மொத்த இழுவை ஏறித்தான் ஆகணும். தொய்வே இல்லாம கட்டணும்னா எந்தக் கயிறும் தாங்காது. சுவத்துல அடிச்ச ஆணி பிடுங்கிக்கிட்டு வர்றது இதனால தான்.

இப்போ அதே கொடியை பெருசாக்கு. நம்ம 400 கேவி லைன்ல அதிகமா பாக்கற கண்டக்டர் பேரு மூஸ் (ஏ.சி.எஸ்.ஆர், அதாவது நடுவுல ஸ்டீல் வச்ச அலுமினிய கண்டக்டருக்கு ராபிட், டாக், பேந்தர், ஸீப்ரா, மூஸ்னு மிருகங்க பேரைத் தான் வச்சிருக்காங்க). வெளியில 54 அலுமினிய இழை, உள்ள 7 ஸ்டீல் இழை, ஒவ்வொண்ணும் 3.53 மில்லிமீட்டர், மொத்தமா 31.77 மில்லிமீட்டர் தடிமன், மீட்டருக்கு 2 கிலோ எடை. டவருக்கு டவர் 400 மீட்டர்னா ஒரே ஒரு கம்பி 800 கிலோ தொங்குது. இது எவ்வளவு தொய்யும்னு தெரியணும், ஏன்னா கீழ டிராக்டர் போகும், உயரமா வைக்கோல் ஏத்தின லாரி போகும், 400 கேவிக்கு தரையில இருந்து குறைஞ்சது 8.84 மீட்டர் இடைவெளி விட்டாகணும்.

உன் புக்குல இருக்கற ஃப்ரீ பாடி டயகிராமை, அதாவது பொருளைத் தனியா எடுத்து அது மேல வர்ற ஃபோர்ஸை மட்டும் காட்டற படத்தை, இங்க போட்டுப் பாரு. ஸ்பானோட (டவருக்கு டவர் தூரம்) பாதியை மட்டும் எடு, அதாவது கம்பியோட ரொம்ப தாழ்ந்த இடத்துல கத்தரி வச்சு வெட்டினதா நெனச்சுக்கோ. வெட்டின இடத்துல கம்பி படுக்கையா இருக்கு, அதனால அங்க இழுவை படுக்கைவாட்டுல மட்டும் தான். பாதி ஸ்பான் எடை கீழ நோக்கி, அது டவர்ல இருந்து ஸ்பான்ல நாலுல ஒரு பங்கு தூரத்துல செயல்படுது. டவர்ல கட்டின புள்ளியை சுத்தி மொமென்ட் எடுத்தா அந்த முனையில இருக்கற தெரியாத ஃபோர்ஸ் எதுவும் கணக்குல வராது. ஒரு பக்கம் இழுவை பெருக்கல் தொய்வு, இன்னொரு பக்கம் பாதி எடை பெருக்கல் கால் ஸ்பான். முடிஞ்சது. தொய்வுங்கறது, மீட்டர் எடை பெருக்கல் ஸ்பான் ஸ்கொயர், அதை எட்டு மடங்கு இழுவையால வகுத்தா வர்றது. டிரான்ஸ்மிஷன் அண்ட் டிஸ்ட்ரிபியூஷன் பேப்பர்ல இதை சேக் ஃபார்முலான்னு மனப்பாடம் பண்ணுவாங்க, நீ இப்போ மூணு ஃபோர்ஸ் போட்டு ரெண்டு வரியில எடுத்துட்ட.

மூஸ் கம்பியில 35 கிலோ நியூட்டன் இழுவை வச்சு எண்ணைப் போடு, 11.2 மீட்டர் வரும். கிட்டத்தட்ட மூணு மாடி உயரம். சித்திரை வெயில்ல கம்பி சூடாகி நீளும், அதோட கரண்ட்டும் நிறைய போனா இன்னும் சூடு, இழுவை 30 கிலோ நியூட்டனுக்கு இறங்கிச்சுன்னு வை, தொய்வு 13 மீட்டர் தாண்டிரும், அதாவது கம்பி ரெண்டு மீட்டர் போல கீழ வந்துரும். சரி அப்போ முதல்லயே நல்லா இழுத்துக் கட்டிடலாமேன்னா, மார்கழி ராத்திரியில கம்பி சுருங்கும்போது இழுவை ஏறும், காத்தும் சேந்தா கம்பியைத் தாங்கற டவர் கை, அதான் கிராஸ் ஆர்ம், அது வரைக்கும் அந்த இழுவை போகும். அதனால தான் கம்பி இழுக்கற அன்னிக்கு கையில தெர்மாமீட்டரும், இன்ன சூட்டுக்கு இவ்வளவு தொய்வுன்னு போட்ட சார்ட்டும் வச்சுக்கிட்டு நிக்கறோம். வோல்டேஜே இன்னும் வராத லைன்ல எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் பண்ற வேலை இது.

நான் நேர்ல பாத்த ஒண்ணு சொல்றேன். வேலைக்கு சேந்த புதுசு, ஒரு கிராமத்துல 11 கேவி லைன் நீட்டிப்பு. கடைசி போஸ்ட்ல மூணு கம்பியும் ஒரே பக்கமா இழுக்கும், அதை சரிக்கட்ட எதிர்ப்பக்கம் ஸ்டே கம்பி கட்டணும். மூணு கம்பி இழுவையும் சேத்து 600 கிலோன்னு வை, ஸ்டே கிட்டத்தட்ட கம்பி கட்டற உயரத்துலயே, 7 மீட்டர்ல. ஸ்டே குழி போஸ்ட்ல இருந்து 7 மீட்டர் தள்ளி இருந்தா 45 டிகிரி, ஸ்டே கம்பியில 850 கிலோ போல வரும், ஒண்ணும் பயமில்ல. ஆனா அந்த இடத்துல வயல்காரர் ஒத்துக்கல, நடவு நட்டிருக்கு, வரப்புக்குள்ளயே வச்சுக்கோங்கன்னுட்டார், அவர் மேலயும் தப்பில்ல. சரின்னு ரெண்டரை மீட்டர்ல குழி தோண்டி ஸ்டே கட்டியாச்சு. பாக்க விறைப்பா நல்லாத்தான் இருந்துச்சு, யாரும் கணக்குப் போடல, நானும் போடல. போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், ஸ்டே கம்பியில இழுவை 1780 கிலோ, அதுல 1680 கிலோ ஸ்டே ராடை தரையில இருந்து மேல பிடுங்கற இழுவை, அதே 1680 கிலோ போஸ்ட்டை தரைக்குள்ள அமுக்கற எடை. ஐப்பசி மழை வந்துச்சு, மண்ணு ஊறுச்சு, ஸ்டே பிளேட்டோட ராடு முழம் அளவுக்கு மேல வந்துருச்சு, போஸ்ட் லைன் பக்கமா சாஞ்சு கம்பி ஆள் தொடற உயரத்துக்கு இறங்கிருச்சு. விடிகாலையில பால்காரர் ஒருத்தர் பாத்து சொன்னதால ஆஃப் பண்ணாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்த மண்ணு ஒட்டின ஸ்டே ராடும், பக்கத்துல கொழகொழன்னு கிடந்த குழியும் இன்னும் என் கண்ணுல நிக்குது. அதுக்கப்புறம் சைன், டேன் போடாம நான் ஒரு ஸ்டேவுக்கும் குழி குறிச்சதில்ல. இடம் இல்லன்னா வேற வழி இருக்கு, எதிர்ல ஒரு ஸ்டப் போஸ்ட் நட்டு ஃப்ளை ஸ்டே கட்டலாம், இல்ல போஸ்ட் சாயற பக்கம் முட்டுக் கொடுக்கற மாதிரி ஸ்ட்ரட் கொடுக்கலாம், ஆனா வழி தேடணும்னு தோணறதுக்கே முதல்ல அந்த முக்கோணம் மனசுல வரணும்மா.

இது சிவில், மெக் பேப்பர்னு சொல்றாங்களே, அதைப் பத்தி. சர்க்யூட் தியரியில கிர்ச்சாஃப் லா படிச்சிருப்ப. அவர் அதை 1845ல சொல்லும்போது வயசு 21, மாணவர் தான். அதே கிர்ச்சாஃப் அஞ்சு வருஷம் கழிச்சு, 1850ல, மெல்லிசான தகடு எப்படி வளையும்னு ஒரு தியரி கொடுத்தாரு, இன்னிக்கும் தகடு டிசைன் அது மேல தான் நிக்குது. இனிமே நீ எலக்ட்ரோமேக்னடிக் தியரியில படிக்கப்போற மேக்ஸ்வெல், 1864ல டிரஸ்ல (கம்பிகளை முக்கோணமா கோத்த சட்டம்) ஒவ்வொரு கம்பியிலயும் எவ்வளவு ஃபோர்ஸ்னு படம் வரைஞ்சு கண்டுபிடிக்கற வழியைக் கொடுத்தவர். அவங்களுக்கு இது ரெண்டு டிபார்ட்மென்டா இல்ல. உனக்கும் வேணாம். நோட்ல கரண்ட்டோட கூட்டுத்தொகை ஜீரோன்னு எழுதற கை, ஜாயின்ட்ல ஃபோர்ஸோட கூட்டுத்தொகை ஜீரோன்னு எழுத ஏன் தயங்கணும்? ஒரே ஒரு வித்தியாசம், ஃபோர்ஸுக்கு திசை உண்டு, அதனால படுக்கைக்கு ஒண்ணு, நெட்டைக்கு ஒண்ணுன்னு ரெண்டு தடவை எழுதணும்.

அடுத்த ரெண்டு வருஷத்துல இது திரும்பத் திரும்ப வரும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல ஆரம்பமே மாஸ், ஸ்பிரிங், டேம்பர் வச்சு டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் தான். ஃபோர்ஸை வோல்டேஜா பாத்தா மாஸ் இன்டக்டர், டேம்பர் ரெசிஸ்டர், ஸ்பிரிங் கப்பாசிட்டர், இதை ஒரு தடவை உணர்ந்துட்டா ரெண்டு பேப்பரும் ஒண்ணாயிரும். ஹைவேல போறப்போ லைனைப் பாரு, டவர் பக்கத்துல கம்பியில சின்ன டம்பெல்ஸ் மாதிரி ரெண்டு குண்டு தொங்கும். லேசான காத்துல கம்பி விர்ர்னு அதிரும், அந்த அதிர்வை வாங்கிக்கற டேம்பர் அது, 1920கள்ல கலிஃபோர்னியாவுல ஒரு மின்சார கம்பெனி இன்ஜினியர் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் கண்டுபிடிச்சது, பேரே ஸ்டாக்பிரிட்ஜ் டேம்பர். அது இல்லைன்னா கிளாம்ப் பக்கத்துல இழை ஒவ்வொண்ணா அசந்து அறுந்து போகும். டிரைவ்ஸ் பேப்பர்ல மோட்டார் டார்க் (சுத்த வைக்கற திருப்பு விசை), லோடு டார்க், இனர்ஷியா (சுத்தறது வேகம் மாறாம இருக்கப் பாக்கற குணம்). பவர் சிஸ்டம்ல ஸ்விங் ஈக்வேஷன், அது நியூட்டனோட ரெண்டாவது விதியை சுத்தற பொருளுக்கு எழுதினது தான். ஃபேனை ஆஃப் பண்ணதும் உடனே நிக்காம சுத்துதுல்ல, அதே மாதிரி பவர் ஹவுஸ் ரோட்டர் ஒவ்வொண்ணும் தனக்குள்ள சில செகண்ட் ஃபுல் லோடுக்கான சக்தியை சுத்திக்கிட்டே வச்சிருக்கு. ஒரு யூனிட் ட்ரிப் ஆனா ஃப்ரீக்வென்சி சட்டுன்னு விழாம முதல் சில செகண்ட் மத்ததெல்லாம் பிடிச்சு வைக்கறது அந்த சக்தியில தான், சோலார் பேனல்ல சுத்தறது எதுவும் இல்லாததால இப்போ இந்த இனர்ஷியா பத்தி வேலையில நிறைய பேசறாங்க.

சரி, எப்படி படிக்கறது. நீ எழுதினதுல "எந்த ஃபோர்ஸை எந்தப் பக்கம் போடறதுன்னே தெரியல"ங்கற வரி தான் நோய், மத்ததெல்லாம் அதோட அறிகுறி. முதல் பத்து நாள் ஒரு கணக்கையும் முடிக்காத. படம் மட்டும் போடு, ஒரு நாளைக்கு ஏழெட்டு. பொருளை ஒரு பென்சில் கோட்டால சுத்தி வளை, அந்தக் கோடு எங்கெல்லாம் இன்னொரு பொருளைத் தொடுதோ, வெட்டுதோ, அங்க மட்டும் தான் ஃபோர்ஸ், அதோட எடை ஒண்ணு, வேற எதுவும் கிடையாது. கயித்தை வெட்டினா இழுவை, அது எப்பவும் பொருளை விட்டு வெளிய பாத்து இருக்கும், கயிறு தள்ளாது. வழவழப்பான தளத்தைத் தொட்டா அந்த தளத்துக்கு செங்குத்தா ஒரு தள்ளல். பின்னு இருந்தா ரெண்டு ஃபோர்ஸ், ரோலர்னா ஒண்ணு. தெரியாத ஃபோர்ஸுக்கு திசை தப்பா போட்டுட்டா பயப்படாத, விடை மைனஸ்ல வரும், அவ்வளவு தான், சர்க்யூட்ல லூப் கரண்ட் திசையை நீ இஷ்டத்துக்கு போடறதில்லயா, அதே தான். கணக்கு தப்பா போற பசங்களை பாத்தா பெரும்பாலும் அல்ஜிப்ரா தப்பில்ல, ஒரு ஃபோர்ஸை விட்டிருப்பாங்க, இல்ல இல்லாத ஒண்ணை சேத்திருப்பாங்க.

மொமென்ட் எடுக்கும்போது எந்தப் புள்ளியில எடுத்தா நிறைய தெரியாதது காணாம போகுதோ அங்க எடு, மேல மூஸ் கம்பியில டவர் முனையை எடுத்தோமே அந்த மாதிரி.

ஃப்ரிக்ஷன்ல எல்லாரும் விழற குழி ஒண்ணு இருக்கு. ஃப்ரிக்ஷன்னாலே மியூ (உராய்வு எண்) பெருக்கல் நார்மல் ரியாக்ஷன்னு (தளம் செங்குத்தா தள்ளற ஃபோர்ஸ்) எழுதிருவாங்க. அது வழுக்கப் போற அந்தக் கடைசி கணத்துக்கு மட்டும் தான் உண்மை, அதுக்கு முன்ன ஃப்ரிக்ஷன் எவ்வளவு தேவையோ அவ்வளவு தான் வரும், ஈக்விலிப்ரியத்துல இருந்து தான் கண்டுபிடிக்கணும். இந்த இடத்துல பெல்ட் ஃப்ரிக்ஷனையும் விட்டுடாத, அது முழுக்க நம்ம ஆளுங்க விஷயம். ஒரு அரிசி மில்லுல 10 எச்.பி மோட்டார், அதாவது 7.5 கிலோவாட், நிமிஷத்துக்கு 1440 சுத்து, நாலு மாசத்துக்கு ஒரு தடவை புல்லி பக்கத்து பேரிங் போகுதுன்னு கூப்பிட்டாங்க. போய் பாத்தா பெல்ட் வழுக்குதுன்னு கடப்பாறை போட்டு மோட்டாரை ரெயில்ல பின்னாடி நெம்பி நெம்பி போல்ட்டை முறுக்கி வச்சிருக்காங்க, பெல்ட்டைத் தட்டினா வீணைக் கம்பி மாதிரி டங்குன்னு சத்தம். கணக்கைப் பாரு. டார்க் கிட்டத்தட்ட 50 நியூட்டன் மீட்டர், புல்லி விட்டம் 20 சென்டிமீட்டர், அப்போ பெல்ட்டோட ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 500 நியூட்டன் இருந்தா போதும். மியூ 0.3, பாதி சுத்து தொட்டுக்கிட்டு இருந்தா இறுக்கமான பக்கம் தளர்ந்த பக்கத்தை விட 2.57 மடங்கு வரைக்கும் போகலாம், அதனால சுமார் 820ம் 320ம், ரெண்டும் சேந்து ஷாஃப்டை ஒரு பக்கமா 1140 நியூட்டன் இழுக்கும், 115 கிலோவுக்கு மேல. தேவைப்படற இழுவையே இவ்வளவு, இதுக்கு மேல நெம்பி அதை ரெண்டு மடங்கு ஆக்கினா பால் பேரிங் ஆயுசு எட்டுல ஒண்ணா குறையும், ஏன்னா ஆயுசு லோடோட மூணாவது அடுக்குல இறங்குது. எண்ணெய் படிஞ்சு மியூ விழுந்துட்ட பெல்ட்டை மாத்தினோம், அளவா இறுக்கினோம், பேரிங் நின்னுச்சு. வைண்டிங், சப்ளை வோல்டேஜ்னு ரெண்டு எலக்ட்ரீஷியன் ஏற்கனவே தேடிட்டுப் போயிருந்தாங்க.

இன்னும் ஒண்ணு சொல்லிடறேன், இது உன் பாடத்துல பீம் வர்றப்போ உதவும். பேனல் போர்டுக்குள்ள கரண்ட்டைக் கொண்டு போற காப்பர் பட்டை, அதான் பஸ்பார், ரெண்டு பக்கத்து பக்கத்துல 10 சென்டிமீட்டர் இடைவெளியில ஓடுது. ஷார்ட் சர்க்யூட் ஆகி உச்ச கரண்ட் 50 கிலோ ஆம்பியர் போச்சுன்னா ஒண்ணை ஒண்ணு மீட்டருக்கு 5000 நியூட்டன்ல தள்ளும், அரை டன்னுக்கு மேல. அப்போ பஸ்பார் ஒரு பீம், சப்போர்ட் இன்சுலேட்டர் அதோட தாங்கி, இது பரவின லோடு. சப்போர்ட் தூரத்தை ரெண்டு மடங்காக்கினா பெண்டிங் மொமென்ட் நாலு மடங்கு. 50 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டையை அகலப் பக்கம் எதிரெதிரா நிக்க வைக்காம, ஒரே தளத்துல படுக்க வச்சு விளிம்பு விளிம்பைப் பாக்கற மாதிரி வச்சா வளைவைத் தாங்கற பலம் அஞ்சு மடங்கு. காப்பர் ஒரு கிராம் கூட கூட்டல. பேனல் போர்டு டிசைன் பண்றவங்க தினமும் முடிவு பண்ற விஷயம் இது, புக்குல ஏணியும் உருளையுமா இருக்கறதைப் பாத்து நமக்கு சம்பந்தமில்லன்னு நெனச்சுடாத.

நவம்பருக்கு டைம் இருக்கு. பத்து நாள் படம், அப்புறம் பார்ட்டிக்கிள் ஈக்விலிப்ரியம், ரிஜிட் பாடி, ஃப்ரிக்ஷன், இந்த மூணையும் நிதானமா. சென்ட்ராய்டும் மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவும் டேபிள் போட்டு செய்யற வேலை தான், வேகமா முடிச்சிரலாம், மார்க் விழும். டைனமிக்ஸை பயந்து விட்டுராத, நியூட்டன் ரெண்டாவது விதியை எழுதறதுக்கு முன்னாடியும் அதே படம் தான். பழைய கேள்வித்தாள் போடும்போது விடையை புரட்டிப் பாக்கறதுக்கு முன்ன உன் படத்தையும் புக் படத்தையும் பக்கத்துல வச்சுப் பாரு, எது விட்டுச்சுன்னு அங்கயே தெரியும்.

இப்போ உனக்கு ஒரு வேலை. ஒரு போஸ்ட்ல லைன் 60 டிகிரி திரும்புது, ரெண்டு பக்கமும் கம்பியில இழுவை 200 கிலோ. ஒரு கம்பிக்கு மட்டும் போடு. போஸ்ட் மேல மொத்தமா எவ்வளவு இழுவை, எந்தத் திசையில, ஸ்டே எந்தப் பக்கம் கட்டணும்? நிறைய பேர் 400ன்னு சொல்வாங்க, அது இல்ல. போஸ்ட் முனையைச் சுத்தி பென்சில் கோடு போட்டு, படத்தை மட்டும் ஃபோட்டோ எடுத்து அனுப்பும்மா, விடை எழுத வேணாம், படத்தைப் பாத்தே உனக்கு எங்க தடுக்குதுன்னு நான் சொல்லிடறேன்.